ஸ்கூல் மொத்தமும் சேர்ந்து படிக்க என்ன கதைப் புத்தகம் வாங்கலாம்?

வணக்கம்ங்க. நீங்க கேட்டிருக்கறதை நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி ஒரு தடவை சொல்லிக்கிறேன். உங்க ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில நீங்க எஸ்.எம்.சி., அதாவது பள்ளி மேலாண்மைக் குழு, உறுப்பினர், பழைய மாணவர்கள் சேர்ந்து 20,000 ரூபாய் குடுத்திருக்காங்க, அதுல கதைப் புத்தகம் வாங்கணும், 6ஆம் வகுப்புல இருந்து 12 வரைக்கும் பிள்ளைங்க, டீச்சர்ங்க, பெத்தவங்க எல்லாருக்கும் பொதுவா ஒரு பரிந்துரை லிஸ்ட் போட்டு நோட்டீஸ் போர்டுல ஒட்டணும், "நல்ல கருத்துள்ள கதையா 100 புத்தகம் சொல்லுங்க"ன்னு கேட்டிருக்கீங்க. ஆனா கேள்வியோட கடைசி வரியில ஒண்ணு எழுதியிருக்கீங்க பாருங்க, "போன தடவை வாங்கினதை யாரும் தொடலை"ன்னு, எனக்கு அதுதான் உண்மையான கேள்வியா படுது. எந்தக் கதையை வாங்கினா ஒரு ஊரும் ஒரு ஸ்கூலும் அதைத் தொடும், இதைத்தான் நீங்க கேக்கறீங்க. அதுக்கு 100 புத்தகம் தேவையில்ல. ஒரு 15, 20 போதும், அதுலயும் முதல் வருஷத்துக்கு மூணு நாலு கதையை உருப்படியா படிச்சாலே பெரிய விஷயம்.

நான் கரிசல் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியிலயும் அப்புறம் மேல்நிலையிலயும் தமிழ் டீச்சரா 24 வருஷம் வேலை பாத்தவ, அதுல பெரும்பாலான வருஷம் நூலகப் பொறுப்பும் என்கிட்டதான் இருந்துச்சு. அதனால நான் சொல்றது தமிழ் மீடியம் பிள்ளைங்க, 6க்கு மேல, தீப்பெட்டி ஆபீஸுக்கும் காட்டு வேலைக்கும் போற குடும்பங்க, இந்த அனுபவத்துல இருந்து வர்றது. ஒண்ணாப்பு ரெண்டாப்பு பிள்ளைங்களுக்கு என்ன குடுக்கறதுன்னு தொடக்கப் பள்ளி டீச்சர்கிட்ட கேளுங்க, இங்கிலீஷ் கதைப் புத்தகத்துக்கும் வேற ஆளைக் கேளுங்க, அதுல எனக்குப் பழக்கம் பத்தாது.

முதல்ல பீரோ விஷயத்தைச் சொல்லிடறேன், ஏன்னா புத்தகம் தேர்ந்தெடுக்கறதை விட இது முக்கியம். நான் பொறுப்பு எடுத்தப்ப ரெண்டு இரும்பு பீரோ, சாவி ஹெச்.எம். டேபிள் டிராயர்ல, ஸ்டாக் ரிஜிஸ்டர்ல ஒவ்வொரு புத்தகத்துக்கும் நம்பர். எனக்கு முன்னாடி பொறுப்புல இருந்தவங்க சொன்ன ஒரே அறிவுரை "குடுத்துத் தொலைச்சா ஆடிட்ல நம்ம தலையில வரும், பாத்துக்கோங்க"ங்கறதுதான். அவங்களைத் தப்பு சொல்ல மாட்டேன், ரிட்டயர் ஆகற நேரத்துல இதுக்காக அலைஞ்சவங்களை நானே பாத்திருக்கேன். ஆனா பூட்டின பீரோவுக்குள்ள உலகத்துலயே நல்ல கதை இருந்தாலும் அது காகிதம்தான். உங்க புத்தகம் நன்கொடையா வர்றதால முதல் மீட்டிங்லயே ஒரு தீர்மானம் எழுதிடுங்க, கிழிஞ்சா தொலைஞ்சா எந்த டீச்சரும் பொறுப்பில்லைன்னு, தலைவர், ஹெச்.எம். ரெண்டு பேரும் கையெழுத்து போடட்டும். அதுக்கப்புறம் வகுப்புல ரெண்டு ஆணி அடிச்சு கொடிக்கயிறு கட்டி புத்தகத்தை நடுவுல விரிச்சு தொங்கவிடுங்க. நான் அப்படித்தான் பண்ணேன். கொஞ்சம் தொலைஞ்சுச்சு, கொஞ்சம் திரும்பி வந்துச்சு, ஒரு புத்தகம் மூணு வருஷம் கழிச்சு அந்தப் பையனோட தங்கச்சி பைக்கட்டுல இருந்து வந்துச்சு, அட்டை இல்லாம, ஓரமெல்லாம் எண்ணெய்க் கறையோட. அது அந்த வீட்டுல எத்தனை கைக்குப் போயிருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

சரி, கதைக்கு வர்றேன். நான் கண்ணை மூடிக்கிட்டு முதல்ல சொல்றது கி. ராஜநாராயணனோட 'கதவு'. சின்ன சிறுகதை, ஒரு பீரியட்ல வாசிச்சு முடிச்சிடலாம். லட்சுமி, சீனிவாசன்னு ரெண்டு பிள்ளைங்க, வீட்டுக் கதவுல ஏறி நின்னு ஆட்டி ஆட்டி பஸ் விளையாட்டு விளையாடுவாங்க, தெருப் பிள்ளைங்க எல்லாம் டிக்கெட் வாங்கும். தெருவுல கிடந்த ஒரு தீப்பெட்டிப் படத்தை எடுத்துட்டு வந்து அந்தக் கதவுல ஒட்டி அழகு பாப்பாங்க. அப்பா பிழைப்புக்காக மணிமுத்தாறு போயிருக்கார், கடிதாசி இல்ல, காசு இல்ல, மழை இல்ல, தீர்வை, அதாவது நில வரி, பாக்கிக்காக தலையாரி ஆளோட வந்து அந்தக் கதவைக் கழட்டிக்கிட்டுப் போயிடறான். பிள்ளைங்களுக்கு அது என்னன்னு புரியாம, கல்யாண ஊர்வலம் மாதிரி நாயனம் வாசிக்கற பாவனையில பின்னாடியே போகுதுங்க. அப்புறம் பனிக்காலம், கதவில்லாத வீட்டுல வாடைக்காத்து, கைப்பிள்ளை இறந்து போகுது. கடைசியில ஒரு நாள் அந்தக் கதவு கேப்பாரில்லாம கிடக்கறதைக் கண்டுபிடிச்சு ரெண்டும் போய் அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்குதுங்க. அவ்வளவுதான் கதை.

இதை நான் 7ஆம் வகுப்புல முதல் தடவை வாசிச்சப்ப பஸ் விளையாட்டு வரைக்கும் கிளாஸ் ஒரே சத்தம், "டீச்சர் நாங்களும் பண்ணுவோம், எங்க கதவு கீலு போயிடுச்சு எங்கம்மா அடிச்சுச்சு"ன்னு ஆளாளுக்கு. ஊர்வலம் வர்ற இடத்துலயும் சிரிச்சாங்க. கைப்பிள்ளை வர்ற இடத்துல சத்தம் நின்னுச்சு. முடிச்சு புத்தகத்தை மூடினேன், நான் எதுவும் கேக்கல. ரெண்டாவது பெஞ்சுல ஒரு பிள்ள, வகுப்புல வாயே திறக்காதவ, எந்திரிச்சு "டீச்சர், அந்தத் தீப்பெட்டிப் படம் இன்னும் கதவுல ஒட்டியிருக்குமா"ன்னு கேட்டா. நானே யோசிக்காத இடம் அது. அன்னைக்கு நான் போர்டுல 'கதையின் நீதி'ன்னு எழுதி கேள்வி பதில் போட்டிருந்தேன்னா அந்தக் கேள்வி வந்தே இருக்காது.

அடுத்த மாசம் பெற்றோர் கூட்டம். பெரும்பாலும் அம்மாக்கள்தான் வருவாங்க, தீப்பெட்டி ஆபீஸ்ல அரை நாள் கூலியை விட்டுட்டு வருவாங்க, மார்க் லிஸ்ட்ல கையெழுத்து போட்டுட்டு ஓடணும்னு இருப்பாங்க. ஹெச்.எம். கிட்ட அனுமதி கேட்டு மார்க் பேசறதுக்கு முன்னாடி இதே கதையை வாசிச்சேன். தீப்பெட்டிப் படம்னு வந்ததும் எல்லாருக்கும் முகத்துல ஒரு சிரிப்பு, ஏன்னா அவங்க கை தினமும் தொடற பொருள் அது. முடிஞ்சதும் ஒரு பாட்டி, பேரனுக்காக வந்தவங்க, "எங்க வீட்டுல அண்டாவைத் தூக்கிட்டுப் போனாக தாயி"ன்னு ஆரம்பிச்சாங்க, பஞ்சம் வந்த வருஷம், தீர்வை கட்ட முடியாதது, அந்த அண்டா அவங்க அம்மா சீரா கொண்டு வந்தது. பேரன் வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தான், இந்தக் கதை அவனுக்கு வீட்டுல யாரும் சொன்னதில்ல. ஒரே கதையைப் பிள்ளையும் கேட்டு, பாட்டியும் கேட்டு, ரெண்டு பேரும் வீட்டுக்கு ஒண்ணா நடந்து போனாங்க. நீங்க 'எல்லாருக்கும் பொதுவா'ன்னு எழுதியிருக்கீங்க இல்லையா, எனக்கு அதுக்கு அர்த்தம் இதுதான். வகுப்புக்கு ஒரு லிஸ்ட், டீச்சருக்கு ஒரு லிஸ்ட், பெத்தவங்களுக்கு ஒரு லிஸ்ட்னு பிரிச்சுட்டா அது மூணு கூட்டம். ஒரே கதையை மூணு பேரும் படிச்சாதான் பேச்சு வரும்.

அதே மாதிரி படிக்கக்கூடியது கு. அழகிரிசாமியோட ரெண்டு கதை. அவரும் கி.ரா.வும் கோவில்பட்டி பக்கத்துல இடைசெவல்ங்கற ஒரே ஊர்க்காரங்க, ஒரே வருஷம், 1923ல பிறந்தவங்க, பிள்ளைங்ககிட்ட இதைச் சொன்னா "ஒரே ஊர்லயா டீச்சர்"னு கண்ணு விரியும். 'ராஜா வந்திருக்கிறார்' தீபாவளிக் கதை, ஒரு ஏழை வீட்டுக்கு முந்தின நாள் ராத்திரி ஒரு அனாதைப் பையன் வந்து சேர்றான், அவன் பேரு ராஜா, அந்தத் தாய் தன் பிள்ளைங்களோட சேர்த்து அவனுக்கும் எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டி, புருஷனுக்குன்னு வாங்கி வெச்ச துண்டை அவனுக்குக் கட்டி விடுறா. பணக்கார வீட்டுப் பிள்ளை "எங்க வீட்டுக்கு ராஜா வந்திருக்கார்"னு பெருமை அடிக்கும்போது இந்த வீட்டுப் பொண்ணும் "எங்க வீட்டுக்கும் ராஜா வந்திருக்கான்"னு சொல்லும். தீபாவளி லீவுக்கு முந்தின நாள் பிரேயர்ல இதை வாசிச்சுப் பாருங்க.

இன்னொண்ணு 'அன்பளிப்பு'. இந்தப் பேருல வந்த தொகுப்புக்குத்தான் 1970ல சாகித்ய அகாதமி விருது கிடைச்சுது, அவர் அந்த வருஷமே இறந்துட்டார். இதை டீச்சர்ங்க எல்லாரும் கட்டாயம் படிக்கணும்னு நான் கெஞ்சிக் கேக்கறேன். பத்திரிகை ஆபீஸ்ல வேலை பாக்கற ஒருத்தர், தெருப் பிள்ளைங்க எல்லாம் அவர்மேல உயிரு, புத்தகம் கேட்டு வரும். அதுல சாரங்கன்னு ஒரு அமைதியான பையன் ஒரு புத்தகத்தைப் படிக்கக் கேப்பான், இது உனக்குப் புரியாதுன்னு சொல்லி விட்டுடுவார். வருஷப் பிறப்புக்கு ரெண்டு பிள்ளைங்களுக்கு மட்டும் டைரி குடுப்பார், சாரங்கனுக்கு இல்ல. அவன் கோவப்படல, அழல. அவரைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு, உபசாரம் எல்லாம் பண்ணி, தானே ஒரு டைரியைக் கொண்டு வந்து நீட்டி, தன் பேருக்கு அன்பளிப்புன்னு எழுதித் தரச் சொல்லுவான். நான் இதைப் படிச்ச அன்னைக்கு என் வகுப்பு அட்டெண்டன்ஸை எடுத்து வெச்சுக்கிட்டு, இந்த வருஷம் நான் பேர் சொல்லிக் கூப்பிடாத பிள்ளைங்க யார் யாருன்னு பென்சில்ல டிக் பண்ணேன். எத்தனைன்னு சொல்ல மாட்டேன், ஆனா அதுக்கப்புறம் "இது உனக்குப் புரியாது"ங்கற வார்த்தையை எந்தப் பிள்ளைகிட்டயும் சொன்னதில்ல.

டீச்சர் அறைக்குன்னு தனியா மூணு வாங்கலாம், இது மட்டும் விதிவிலக்கு. ஒண்ணு 'பகல் கனவு', குஜராத்துல பாவ்நகர்ல குழந்தைகள் பள்ளி நடத்தின கிஜுபாய் பதேக்கா எழுதினது. லட்சுமிராம்னு ஒரு கற்பனை ஆசிரியர், கல்வி அதிகாரிகிட்ட அனுமதி வாங்கி நாலாம் வகுப்பை ஒரு வருஷம் தன் வழியில நடத்திப் பாக்கறார். முதல் நாள் அமைதி விளையாட்டுன்னு ஒண்ணைப் பெருசா திட்டம் போட்டுட்டுப் போய், பிள்ளைங்க கத்தின கத்துல அது அப்படியே கவிழ்ந்து போகும். அப்புறம்தான் கதை சொல்ல ஆரம்பிப்பார். பி.எட். முடிச்சு வர்ற புது டீச்சருக்கு இதை விட நல்ல பரிசு எனக்குத் தெரியல. ரெண்டாவது இரா. நடராசனோட 'ஆயிஷா', சின்ன புத்தகம். கேள்வி கேக்கற ஒரு பொண்ணை ஸ்கூல் என்ன பண்ணுதுன்னு ஒரு சயின்ஸ் டீச்சர் சொல்றது. ஒண்ணு கவனிக்கணும், அந்தப் பொண்ணு அடியோட வலி தெரியாம இருக்க ஒரு மருந்தைத் தன்மேலேயே சோதிச்சு இறந்து போகுது, அதனால சின்ன பிள்ளைங்க கையில இதைத் தனியா குடுக்காதீங்க, முதல்ல டீச்சர்ங்க படிக்கட்டும், 9, 10க்கு டீச்சர் கூட இருந்து படிக்கட்டும். 2009 கல்வி உரிமைச் சட்டத்துல 17ஆம் பிரிவு அடிக்கறதையும் மனசைப் புண்படுத்தறதையும் தடை பண்ணியிருக்கு, அது சர்க்குலரா வந்தப்ப கையெழுத்து போட்டுட்டு மறந்தவங்க கூட இந்தக் கதையைப் படிச்சுட்டு ஸ்டாஃப் ரூம்ல பேசாம உக்காந்திருந்ததை நான் பாத்தேன். மூணாவது 'டோட்டோ-சான்', 1981ல ஜப்பான்ல வந்தது, தமிழ்ல நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடா கிடைக்குது. இது கதை மாதிரி இருந்தாலும் எழுதினவங்களோட சொந்த வாழ்க்கை, அதனால கணக்கா பாத்தா உங்க லிஸ்ட்டுக்குள்ள வராது, ஆனா விட மனசில்ல. ஒரு ஸ்கூல் வேண்டாம்னு அனுப்பின பிள்ளை, புது ஸ்கூலோட ஹெட்மாஸ்டர் முன்னாடி உக்காந்து நாலு மணி நேரம் பேசும், அவர் கொட்டாவி கூட விடாம கேப்பார். பெத்தவங்களும் படிக்கலாம், சாப்பாட்டு டப்பாவுல கடல்ல இருந்து கொஞ்சம் மலையில இருந்து கொஞ்சம்னு வர்ற இடம் அம்மாக்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

6, 7, 8க்கு இப்ப நல்ல புத்தகம் நிறைய வருது, பத்து பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இப்படி இல்ல. சாகித்ய அகாதமி 2010ல இருந்து சிறார் இலக்கியத்துக்குத் தனியா பால புரஸ்கார் குடுக்குது, அந்த லிஸ்ட்டை ஒரு தொடக்கமா வெச்சுக்கலாம். என் அனுபவத்துல பிள்ளைங்க தானா எடுத்தது உதயசங்கரோட 'ஆதனின் பொம்மை', கீழடியை வெச்சு எழுதினது, 2023ல விருது வாங்கினது. சோஷியல் டீச்சரும் தமிழ் டீச்சரும் சேர்ந்து இதைப் படிச்சுட்டு கீழடி அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் டூர் போனா அந்தப் புத்தகம் அதுக்கப்புறம் கயித்துல தங்காது. கி.ரா.வோட 'பிஞ்சுகள்' குறுநாவலும் இந்த வயசுக்குத்தான், பறவை பாக்கற பையன் கதை, பேச்சுத் தமிழ், வாசிக்கத் திணறற பிள்ளை கூட "இது எங்க ஆச்சி பேசற மாதிரி இருக்கு"ன்னு தொடரும்.

எஸ். பாலபாரதியோட 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' வாங்கலாமான்னு பல பேர் தயங்குவாங்க, கெட்ட தொடுதல் பத்தின கதை. கட்டாயம் வாங்குங்க, ஆனா சும்மா கயித்துல தொங்கவிடாதீங்க. இந்தக் கதையைப் படிச்ச ஒரு பிள்ளை சாயங்காலம் உங்ககிட்ட வந்து "டீச்சர் எனக்கும்"னு சொல்ல வாய்ப்பிருக்கு. அந்த நிமிஷத்துக்கு டீச்சர் தயாரா இருக்கணும், யார்கிட்ட சொல்லணும், எப்படிக் கேக்கணும்னு தெரிஞ்சிருக்கணும். 2012 போக்சோ சட்டப்படி தெரிஞ்சுக்கிட்ட பெரியவங்க புகார் குடுத்தே ஆகணும், மறைக்கறது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098, அப்புறம் நம்ம பள்ளிக் கல்வித் துறையோட உதவி எண் 14417, ரெண்டு நம்பரையும் புத்தகத்தோட உள் அட்டையிலயே எழுதி ஒட்டிடுங்க. அம்மாக்கள் கூட்டத்துல முதல்ல இதைப் பத்திப் பேசிட்டு அப்புறம் பிள்ளைங்களுக்குக் குடுங்க. நாங்க அந்த வரிசையிலதான் பண்ணோம், ஒரு எதிர்ப்பும் வரல, ரெண்டு அம்மா புத்தகத்தை வீட்டுக்குக் கேட்டு வாங்கிட்டுப் போனாங்க.

9க்கு மேல ஜெயமோகனோட 'யானை டாக்டர்'. டாப்ஸ்லிப்ல வேலை பாத்த கால்நடை மருத்துவர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியை வெச்சு எழுதின கதை, காட்டுல குடிச்சுட்டு உடைச்சுப் போடற பீர் பாட்டில் யானைக் காலை என்ன பண்ணுதுன்னு படிச்ச பிறகு எங்க பசங்க செண்பகத்தோப்பு போனப்ப சாக்கு எடுத்துட்டுப் போனாங்க, நான் சொல்லல, அவங்களா. புதுமைப்பித்தனோட 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' 11, 12க்கு, பாதி சிரிப்பு பிள்ளைங்களுக்கு, பாதி சிரிப்பு பெத்தவங்களுக்கு. அவர் எழுத்து நாட்டுடைமை ஆனதால மதுரைத் திட்டம்ங்கற இணைய நூலகத்துல இலவசமாவே கிடைக்கும், பிரிண்ட் எடுத்துக்கலாம். 'பொன்னியின் செல்வன்' எல்லாரும் சொல்லுவாங்க, 2022ல படம் வந்தப்புறம் பிள்ளைங்களே கேட்டு வந்தாங்க, ஆனா அஞ்சு பாகத்தைப் பாத்ததும் கை பின்வாங்கும். ஒரு செட் போதும். ஆடிப்பெருக்கு அன்னைக்கு வந்தியத்தேவன் வீர நாராயண ஏரிக்கரையில குதிரையில வர்ற முதல் அத்தியாயத்தை மட்டும் சத்தமா வாசிச்சுட்டு நிறுத்திடுங்க, வேணுங்கறவன் தேடி வருவான்.

பூமணியோட 'வெக்கை' பத்தி நான் ரொம்ப யோசிச்சுதான் எழுதறேன். 1982ல வந்தது, 'அசுரன்' படம் இதுல இருந்துதான் எடுத்தாங்க. அண்ணனைக் கொன்னவனைக் கொன்னுட்டு 15 வயசுப் பையன் அப்பாவோட காட்டுல ஒளிஞ்சு திரியறான், அந்த அப்பன் மகன் பேச்சு தமிழ்ல வேற எங்கயும் இல்லாத அளவுக்கு அவ்வளவு மென்மை. இது நல்ல நாவல், இதுல எனக்குச் சந்தேகமே இல்ல. எப்ப, யார்கிட்ட குடுக்கறதுங்கறதுலதான் சந்தேகம். நம்ம தென் மாவட்டத்துல பிள்ளைங்க கையில சாதிக் கயிறு கட்டிக்கிட்டு வர்ற நிலைமை உங்களுக்கே தெரியும், 2023ல நாங்குநேரியில சாதி வெறியில ஒரு மாணவனைக் கூடப் படிக்கற பசங்களே வீடு புகுந்து வெட்டினதுக்கு அப்புறம், ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவை ஒரு நபர் குழுவா அரசு போட்டு 2024ல அறிக்கையும் வந்துச்சு. ஒரு பையன் இந்தக் கதையில அருவாளை மட்டும் பாத்துட்டுப் போயிடக் கூடாது, அந்த அப்பன் மகனைத் தூங்க வைக்கறதையும் பாக்கணும். அதனால முதல் வருஷம் டீச்சர், பெத்தவங்க மட்டும் படிங்க, உங்களுக்குள்ள பேசுங்க, பேச முடியுதான்னு பாருங்க, அப்புறம் பிளஸ் டூவுக்கு. சில பேர் வேற மாதிரி நினைக்கலாம், பிள்ளைங்களுக்கே நேரா குடுத்துடலாம்னு, நான் அந்தத் தைரியத்துக்கு வரல.

இப்ப "நல்ல கருத்துள்ள கதை"ங்கற உங்க நிபந்தனை. உங்க ஆசை எனக்குப் புரியுது, பிள்ளைங்க நல்லா வரணும்னுதான். ஆனா நீதிக்காகவே எழுதின கதையைப் பிள்ளைங்க மூணாவது வரியில கண்டுபிடிச்சிடும், பரீட்சைக்கு எழுதற மாதிரி பதிலை எழுதிட்டு மறந்துடும். மேல நான் சொன்ன எந்தக் கதையிலயும் கடைசியில நீதி இல்ல. கதை படிச்சா பிள்ளைங்க நல்லவங்களா ஆயிடுவாங்கன்னு நான் உங்களுக்கு உத்தரவாதம் தர மாட்டேன், மார்க் ஏறும்னும் தர மாட்டேன், நிறைய படிக்கற பிள்ளைக்கு வாசிப்பு வேகமும் சொல் வளமும் கூடறதை நான் வருஷா வருஷம் பாத்திருக்கேன், அது வரைக்கும் சொல்லலாம். நிச்சயமா சொல்ல முடிஞ்சது மூணு விஷயம்: புத்தகம் கைக்கு எட்டற இடத்துல இருந்தா எடுப்பாங்க, பெரியவங்க சத்தமா வாசிச்சா கேப்பாங்க, டீச்சர் தான் படிக்காத புத்தகத்தைப் படின்னு சொன்னா படிக்க மாட்டாங்க. இந்த வயசுக்கு இந்தப் புத்தகம்னு நான் மேல வகுப்பு போட்டது கூட தோராயம்தான், 6ஆம் வகுப்புல வெளுத்து வாங்கற பிள்ளையும் 10ல எழுத்துக் கூட்டற பிள்ளையும் ஒரே ஸ்கூல்ல உண்டு. எழுத்துக் கூட்டற பெரிய பையன்கிட்ட குட்டிப் பிள்ளை புத்தகத்தைக் குடுத்து அவமானப்படுத்தாதீங்க, "ஆறாப்புக்கு வாசிச்சுக் காட்டணும், நீ தயாராகு"ன்னு குடுங்க, வாங்கிப்பான்.

பணத்தைப் பத்தி. சராசரியா புத்தகம் 100 ரூபாய்னு வெச்சா 20,000க்கு 200 புத்தகம். 200 தலைப்பு வாங்காதீங்க. 20 தலைப்பு, ஒவ்வொண்ணும் 10 பிரதி வாங்குங்க. ஒரே புத்தகம் 10 பேர் கையில இருந்தாதான் மத்தியானம் சாப்பிடும்போது "நீ எது வரைக்கும் வந்திருக்க"ன்னு பேச்சு வரும். மாவட்டப் புத்தகத் திருவிழாவுல வாங்கினா 10 சதவீதம் தள்ளுபடி உண்டு, மொத்தமா வாங்கறோம், ஸ்கூலுக்குன்னு கேட்டா சில கடையில இன்னும் குறைப்பாங்க. சின்ன பிள்ளைங்க புத்தகத்துக்குக் காசே செலவழிக்க வேண்டாம், பிரதம் புக்ஸ் ஸ்டோரிவீவர்ல தமிழ்க் கதை இலவசமா இறக்கிக்கலாம், அரசுப் பள்ளிக்கு வர்ற 'தேன்சிட்டு' இதழும் வாசிப்பு இயக்கத்தோட நுழை, நட, ஓடு, பற புத்தகங்களும் உங்க ஸ்கூலுக்கும் வந்திருக்கும், எந்தக் கட்டுல பிரிக்காம கிடக்குன்னு ஹெச்.எம். கிட்ட பக்குவமா கேளுங்க. அதெல்லாம் வெளிய வந்தாலே பாதி வேலை முடிஞ்சுது.

நோட்டீஸ் போர்டுல லிஸ்ட் ஒட்டறதை இப்போதைக்குத் தள்ளிப் போடுங்க. அடுத்த எஸ்.எம்.சி. கூட்டம் எப்பன்னு பாருங்க, அன்னைக்கு அஜெண்டாவுல முதல் ஐட்டமா 'கதவு' வாசிப்புன்னு போடுங்க, இருபது இருபத்தஞ்சு நிமிஷம்தான் ஆகும். மைக் வேண்டாம், நாற்காலி வேண்டாம், ஜமுக்காளம் விரிச்சு எல்லாரும் கீழ உக்காரட்டும், வர விரும்பற பிள்ளைங்களையும் உக்கார வைங்க. தமிழ் டீச்சர் வாசிச்சா நல்லது, அவங்களுக்கு அன்னைக்கு எலெக்ஷன் வேலையோ ட்ரெய்னிங்கோ இருந்துச்சுன்னா நிறுத்தாதீங்க, நீங்களே வாசிங்க. முந்தின நாள் ராத்திரி வீட்டுல ஒரு தடவை சத்தமா வாசிச்சுப் பாத்துக்கோங்க, கைப்பிள்ளை வர்ற இடத்துல எனக்கு இன்னைக்கும் தொண்டை அடைக்கும், உங்களுக்கும் அடைச்சா அவசரப்படாம கொஞ்சம் நிறுத்தி வாசிங்க. முடிச்சதும் யாராவது பேசற வரைக்கும் காத்திருங்க. என்ன பேசினாங்கன்னு முடிஞ்சா இங்க வந்து எழுதுங்க, அடுத்த கதை எதுன்னு அதை வெச்சு நான் சொல்றேன்.